கூஃபா நகரத்துத் துணிக்கடை

தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை முடிந்து நெல் பத்தாயம் சேர்ந்துவிட்டால் அடுத்து வருவது திருமணக் காலம். அப்போது கும்பகோணத்துப் பட்டுக்கடைகளில் கால் வைக்க இடமிராது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத்து நிகாஹ்வுக்குப் புடவை எடுக்க அத்தகைய கடையொன்றுக்குச் சென்றிருந்தோம். வீடு வந்து விரித்துப் பார்க்கையில், முந்தானைக்குச் சற்று உள்ளே ஊடை இழைகள் விட்டுப்போய் ஒரு கோடு தெரிந்தது. மறுநாள் எடுத்துச் சென்று காட்டியபோது முதலாளி, தாம் அவ்வேளை கடையில் இல்லை என்றும், விற்றவன் புதிதாகச் சேர்ந்த பையன் என்றும் கூறிப் பேச்சை முடித்துக்கொண்டார். படியிறங்கிய எங்களைப் பின்தொடர்ந்து வந்த அப்பையன், குறையைத் தான் முன்னரே பார்த்ததாகவும், சொல்லி விற்பனை கெட்டால் வேலை போய்விடும் என்று அஞ்சியதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னான். புடவை போனது பெரிதன்று. அவனுடைய அச்சந்தான் என் நெஞ்சில் நெடுநாள் தைத்திருந்தது.

நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களை விட்டுத் தஞ்சைச் சீமையின் உட்பகுதிக்கு வந்தால், மஹல்லாக்களில் மிகுதியானோர் ஹனஃபீ மத்ஹபினர். அந்த மத்ஹபின் தலைவராகிய இமாமுல் அஃழம் அபூஹனீபா (ரஹ்) அவர்களோ ஒரு துணிக்கடைக்காரர். தொழுகையிலும் நோன்பிலும் அன்னாரைப் பின்பற்றுகின்ற நாம், கடையைத் திறக்கும்போது மட்டும் அவர்களை மறந்துவிடுகிறோம்.

இமாம் அவர்கள் ஹிஜ்ரி 80ஆம் ஆண்டில் (கி.பி. 699) கூஃபா நகரில் பிறந்தார்கள். இயற்பெயர் நுஃமான், தந்தையார் ஸாபித். ஃபுராத் நதியின் கரையில், நம் காவிரிப் படுகையைப் போலவே வாய்க்கால்களால் செழித்த நாட்டில் அமைந்த நகரம் அது. அன்னாரின் வாணிபம் 'கஸ்' எனும் துணி. பட்டும் கம்பளி நூலும் கலந்து நெய்யப்பட்ட விலையுயர்ந்த சரக்கு. அம்ர் இப்னு ஹுரைஸ் என்பாரின் இல்லத்தில் இருந்த அவர்களின் கடை ஊரறிந்த கடை. சந்தையே கதியென்றிருந்த அவ்விளைஞரின் கூரிய அறிவைக் கண்ட ஷஅபீ (ரஹ்) எனும் பேரறிஞர், கல்விச் சபைகளின் பக்கம் அவரைத் திருப்பினார்கள். ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் 18 ஆண்டுகள் பயின்று, ஹிஜ்ரி 120இல் ஆசான் மறைந்தபின் அவர்தம் இடத்தில் அமர்ந்தார்கள்.

கடையை மூடிவிடவில்லை. ஆயினும் பாடம் நடத்துகின்றவர் நாள் முழுதும் கல்லாவில் அமர இயலுமா? கூட்டாளிகளையும் ஆட்களையும் நம்பியே வாணிபம் நடந்தது.

ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான் என்பவர் அக்கூட்டாளிகளுள் ஒருவர். ஒருமுறை அவரிடம் சரக்கு அனுப்பிய இமாம் அவர்கள், இன்ன துணியில் இன்ன குறை உள்ளது, விற்கும்போது அதை எடுத்துக்காட்டிவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் விற்றுவிட்டார், குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தி எட்டியதும் இமாம் அவர்கள், அந்த ஒரு துணியின் விலையை மட்டுமன்று, அச்சரக்கு முழுவதன் விலையையும் தருமம் செய்துவிட்டார்கள். இந்நிகழ்ச்சியைச் சொல்லுவோர் பெரும்பாலும் அந்தத் தருமத்தோடு நிறுத்திவிடுகின்றனர். எனக்கோ அதற்கு முந்திய செயலே பெரிதாகப் படுகிறது. குறையைச் சொல் என்ற கட்டளை முதலாளியின் வாயிலிருந்தே முதலில் வந்தது. அக்கடையில் குறையைச் சொன்னால் வேலை போகாது. சொல்லாவிட்டால்தான் கணக்குக் கேட்கப்படும்.

அதே காலத்தில் பஸரா நகரிலும் ஒரு 'கஸ்' வணிகர் இருந்தார்கள். யூனுஸ் இப்னு உபைது (ரஹ்) என்னும் நல்லடியார். 400 திர்ஹம் ஆடைகளும் 200 திர்ஹம் ஆடைகளும் அவர்கள் கடையில் இருந்தன. சகோதரர் மகனைக் கடையில் இருத்திவிட்டுத் தொழச் சென்றிருந்த வேளையில், கிராமத்து அரபி ஒருவர் வந்து 400 திர்ஹமுக்கு ஓர் ஆடை கேட்க, அவ்விளைஞர் 200 திர்ஹம் ஆடையைக் காட்டி அவ்விலைக்கே விற்றுவிட்டார். வழியில் அந்த ஆடையை அடையாளம் கண்ட யூனுஸ் அவர்கள், அதன் விலை 200தான் என்று அவரிடம் கூறினார்கள். தம் ஊரில் இது 500 பெறும், தமக்கு முழு மனநிறைவே என்று அவர் சொல்லியும் விடாது கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பியளித்தார்கள். வாங்கியவர் மனமொப்பித்தானே வாங்கினார் என்று இளைஞர் வாதிட, தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்பியிருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டார்கள். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யா நூலில் இதனை எடுத்தெழுதியுள்ளார்கள். கடைப் பையன் தவறு செய்தபோது யூனுஸ் அவர்கள் அவன்மீது பழிபோட்டு ஒதுங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணத்தைத் தம் கையால் கொடுத்தார்கள். கண்டனத்தை அதன்பின் வைத்துக்கொண்டார்கள்.

மீண்டும் கூஃபாவுக்கு வருவோம். வாடிக்கையாளரின் அறியாமையை இமாம் அவர்கள் ஒருபோதும் ஆதாயமாக்கவில்லை. பெண்மணி ஒருவர் பட்டாடை ஒன்றை விற்க வந்து 100 கேட்டார். இது அதற்கும் மேல் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தும், இன்னும் கூடுதல் என்றே சொல்லவும், தம்மைக் கேலி செய்வதாக அப்பெண்மணி எண்ணினார். விலை மதிக்கத் தெரிந்தவரை அழைத்துவரச் செய்து, இறுதியில் 500 கொடுத்து வாங்கினார்கள். மற்றொரு நாள் மூதாட்டி ஒருவர் வந்து, தாம் ஏழை என்றும், அடக்க விலைக்கே ஓர் ஆடை தரவேண்டும் என்றும் வேண்டினார். 4 திர்ஹம் தந்தால் போதும் என்றார்கள். மூதாட்டி நம்பவில்லை. இரண்டு ஆடைகளை ஒன்றாக வாங்கி, ஒன்றை விற்றதில் இரண்டின் முதலும் வந்துவிட்டது, 4 திர்ஹம்தான் பாக்கி என்று கணக்கை விளக்கிக் கொடுத்தனுப்பினார்கள்.

கடையில் கண்டவை கிதாபிலும் ஏறின. குறைகண்ட பொருளைத் திருப்பும் உரிமை, பாராமல் வாங்கியதைக் கண்டபின் வேண்டாமென மறுக்கும் உரிமை, அடக்க விலை சொல்லி இலாபம் வைத்து விற்பதில் பொய் வெளிப்பட்டால் கொடுத்துவிடும் உரிமை ஆகியவற்றை நம் மதரஸாக்களில் குதூரி ஓதும் மாணவர்கள் இன்றும் பாடங்கேட்கின்றனர். அன்னாரின் தலைமாணவர் அபூயூசுஃப் (ரஹ்) தமியே சபை அமைத்தபோது, அவரைச் சோதிக்க இமாம் அவர்கள் அனுப்பிய கேள்வியும் ஒரு வெளுப்புக்கடையைப் பற்றியதே. வெளுக்கத் தந்த துணியை இல்லையென்று மறுத்த வண்ணார், பின்னர் வெளுத்துக் கொண்டுவந்து கொடுத்தால் கூலி உண்டா? ஆம் என்றாலும் தவறு, இல்லை என்றாலும் தவறு. மறுக்குமுன் வெளுத்திருந்தால் உண்டு. தனக்கென எடுத்துக்கொண்டபின் வெளுத்திருந்தால் இல்லை. விடை தெரியாத மாணவர் ஆசானிடமே திரும்பி வந்து அமர்ந்தார்.

கடை இலாபம் ஆண்டுதோறும் அறிஞர்களின் உணவுக்கும் உடைக்கும் சென்றது. வறியவரான அபூயூசுஃப் அவர்களின் குடும்பமும் அப்பணத்தில் பிழைத்தது. தம் கடையில் தாமே ஈட்டி உண்டமையால் இமாம் அவர்கள் எந்த அரசவையிலும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. உமய்யாக்களின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி தந்தபோது மறுத்துச் சவுக்கடி பட்டார்கள். அப்பாஸிய கலீபா மன்சூர் காழிப் பதவியை ஏற்கச் சொல்லி வற்புறுத்தியபோதும் மறுத்தார்கள்; சிறையிலடைக்கப்பட்டார்கள். ஹிஜ்ரி 150ஆம் ஆண்டில் (கி.பி. 767) பக்தாதில் அவர்களின் உயிர் பிரிந்தது. ஜனாஸாவுக்குக் கூட்டம் வந்த வண்ணமே இருந்ததால் தொழுகை பலமுறை நடத்தப்பட்டது. கைஸுரான் அடக்கத்தலத்தில் அன்னார் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.