கௌப்பரும் அவர்தம் மூன்று முயல்களும்

ஆங்கிலச் செய்யுள் பயின்றோருள், ஜான் கில்பின் என்னும் துணி வணிகன் இரவற் குதிரையொன்றின்மேல் ஏறி அதனை அடக்கமாட்டாது அவதியுற்ற கதையைப் படித்து நகையாதார் மிகச் சிலரேயாவர். அதனைப் பாடிய வில்லியம் கௌப்பர் என்னும் புலவர் ஞானப்பாட்டுக்கள் பலவற்றையும் இயற்றியவர். அவற்றுளொன்று தமிழிற் பெயர்க்கப்பெற்று நம் நாட்டுத் திருச்சபைகளிலும் பாடப்பட்டு வருகின்றது. இவ்வளவும் நம் மாணவர் பலர் அறிந்ததே. ஆயினும், பிறரை நகைப்பித்த அப்புலவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தாங்கொணா மனத்துயரிற் கழித்தாரென்பதையும், அத்துயர்க் கடலில் அவர்க்குத் தெப்பமாய் வந்துதவியவை மூன்று முயற்குட்டிகளென்பதையும் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

கௌப்பர் 1731-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்திலுள்ள பெர்க்கம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குருவாக விளங்கினார். மைந்தர்க்கு ஆறு வயதாகுங்கால், 1737-இல், அன்னையார் இறந்தனர். தாயை இழந்த சிறுவரை அயலூரிலுள்ள விடுதிப் பள்ளியொன்றிற்கு அனுப்பினர். ஆண்டுப் பயின்ற பதினைந்து வயதுப் பையனொருவன் இச்சிறுவரை ஓயாது துன்புறுத்தி வந்தான். அவனை நிமிர்ந்து நோக்கவும் அஞ்சித் தலைகவிழ்ந்து நின்றமையால், அவன் உடையின் வேறெப்பகுதியினும் அவன் பாதரட்சையின் கொக்கிகளையே தாம் நன்கு அறிந்திருந்ததாகக் கௌப்பர் பிற்காலத்தில் எழுதியிருக்கின்றார். வலியோர் கையில் அகப்பட்ட எளிய உயிரின் நிலை இன்னதென அவர் கற்ற முதற்பாடம் இதுவேயாகும்.

பின்னர் வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியிற் கற்று, நியாய சாஸ்திரமும் பயின்று, 1754-இல் வழக்கறிஞரானார். தம் சிறிய தந்தையார் மகள் தியோடோராவை மணக்க விழைந்தார். பெண்ணின் தந்தையார் உடன்படவில்லை. 1763-இல் பிரபுக்கள் சபையில் எழுத்தர் பதவியொன்று அவர்க்குக் கிடைப்பதாயிற்று. அப்பதவியை ஏற்கு முன்னர்ச் சபையோர் முன்னிலையில் வினாக்களுக்கு விடையிறுத்தல் வேண்டுமென அறிந்ததும், அவ்வச்சத்தாலேயே அவர் உள்ளம் நிலைகுலைந்தது. உயிரைப் போக்கிக்கொள்ளவும் முயன்றார். ஸெயிண்ட் ஆல்பன்ஸ் நகரில் டாக்டர் காட்டன் என்பவர் நடத்திவந்த மனநோயர் விடுதியில் ஒன்றரை ஆண்டு தங்கித் தெளிவடைந்தார். அதன்பின் ஹண்டிங்டனில் அன்வின் குடும்பத்தாரோடு வசிக்கலானார். 1767-இல் அக்குடும்பத் தலைவர் குதிரையினின்று வீழ்ந்து இறக்க, அவர் மனைவியார் மேரி அன்வின் அம்மையாரும் கௌப்பரும் ஓல்னி என்னும் சிற்றூரை அடைந்தனர். ஒருகாலத்தில் அடிமை வாணிபக் கப்பலின் தலைவராயிருந்து, பின்னர் மனந்திரும்பிக் குருத்துவம் பூண்ட ஜான் நியூட்டன் அவ்வூரில் அவர்க்கு உற்ற நண்பரானார். ஓல்னி ஞானப்பாட்டுக்கள் என்னும் நூல் இவ்விருவர் நட்பின் பயனாக 1779-இல் வெளிவந்தது.

ஆனால் அந்நூல் வெளிவருமுன்பே, 1773-இல், மனநோய் மீண்டும் கௌப்பரைப் பற்றிக்கொண்டது. கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்னும் கொடிய எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. பிறர் பாடிப் பரவசமுறும் பாட்டுக்களைத் தந்தவர், அதன்பின் ஆலயத்திற்குச் செல்லுதலையே ஒழித்தார். மறு ஆண்டில் நோய் சிறிது தணிந்தது. எனினும் நூல் படிக்கவோ மக்களோடு அளவளாவவோ இயலாத நிலையிலிருந்தார். உள்ளத்தை வருத்தாததும், கையைச் சும்மா இருக்கவிடாததுமான ஒரு தொழில் அவர்க்கு வேண்டியிருந்தது.

அச்சமயத்தில் அயல்வீட்டுப் பிள்ளைகளிடம் மூன்று மாதத்து முயற்குட்டியொன்று இருந்தது. விளையாடற்கெனக் கொடுக்கப்பட்ட அதனைத் தொல்லைப்படுத்த அறிந்தனரேயன்றி உணவூட்ட அறியாத அப்பிள்ளைகள் விரைவில் சலித்துப்போயினர். நாளுக்கு நாள் மெலிந்து வாடிய குட்டியைக் கண்ட அவர்தம் தந்தை அதனைக் கௌப்பரிடம் அளித்தார். அவரும் உவந்து பெற்றுக்கொண்டார். இச்செய்தி ஊரிற் பரவியதும், ஒரு தோட்டத்தை நிரப்பப் போதுமான குட்டிகளைக் கொணர்ந்து கொடுக்க ஊரார் முன்வந்தனர். அவற்றுள் மூன்றை மட்டும் வளர்க்க அவர் இசைந்தார். புஸ், டைனி, பெஸ் என்பன அவற்றின் பெயர்கள். பெண்பெயரெனத் தோன்றினும் மூன்றும் ஆணே.

இவை வளையிற் குட்டியீன்று வாழும் குழிமுயல்களல்ல. வெட்டவெளியிற் பிறந்து, ஓட்டத்தையே அரணாகக் கொண்டு வாழும் காட்டுமுயல்கள். இவற்றைப் பழக்குதல் எளிதன்று. கௌப்பர் தம் கையாலேயே தச்சுவேலை செய்து ஒவ்வொன்றிற்கும் தனித்தனி அறை அமைத்தார். கழிவுகள் கீழேயுள்ள மட்பாத்திரத்தில் விழுமாறு அடித்தளம் அமைத்து, நாள்தோறும் அப்பாத்திரங்களைக் கழுவித் தூய்மை செய்வித்தார். பகலில் அவை கூடத்தில் உலாவும். இரவில் ஒவ்வொன்றும் தன் தன் படுக்கைக்கே செல்லும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுவதில்லை.

ஒரே வகையாக வளர்க்கப்பெற்றும் மூன்றும் மூன்று இயல்பினவாயிருந்தன. புஸ் அன்பினாற் பழகியது. டைனியோ எவ்வளவு அன்பு காட்டினும் பழகாதது. தடவிக்கொடுக்கக் கை நீட்டினால் உறுமும், முன்கால்களால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும். அதன் கடுகடுப்பும் ஒரு வேடிக்கையாகவே கௌப்பர்க்குத் தோன்றிற்று. பெஸ் தொடக்கத்திலேயே அச்சமற்றது. குறும்பும் கோமாளித்தனமும் மிக்கது. இரவுணவு முடிந்தபின் மூன்றும் வீட்டு முன்னறைக்குள் விடப்படும். கால் வழுக்காத கம்பளத்தின்மீது அவை துள்ளியும் தாவியும் ஆடும் ஆட்டத்தில் பெஸ்ஸே எப்பொழுதும் முதன்மை பெறும். ஒருநாள் மாலை வீட்டுப் பூனை துணிந்து பெஸ்ஸின் கன்னத்தில் ஓர் அடி கொடுத்தது. பெஸ் சினந்து அப்பூனையின் முதுகின்மேல் முரசறைவதுபோல் மொத்தத் தொடங்கவே, தப்பினாற் போதுமென்று பூனை ஓடிவிட்டது. அந்தோ, இத்தகைய பெஸ் நெடுநாள் வாழவில்லை. வளர்ச்சி முற்றிய சின்னாளில், கழுவிய ஈரம் உலராத பெட்டியில் விடப்பட்டமையால் நோயுற்று இறந்தது.

புஸ் ஒருமுறை மூன்று நாள் நோயுற்றிருந்தது. நோயுற்ற தம்மினத்தை மற்றவை துன்புறுத்துமாதலால், கௌப்பர் அதனைத் தனியே வைத்து, பலவகைப் பூண்டுகளைக் கொடுத்துப் பார்த்துக் குணப்படுத்தினார். எழுந்து நடமாடத் தொடங்கிய புஸ் அவர் கையை நக்கலாயிற்று. முதலிற் புறங்கை, பின்னர் உள்ளங்கை, அதன்பின் ஒவ்வொரு விரல், அப்பால் விரல்களின் இடைவெளி என, ஓரிடமும் விடாது நன்றி செலுத்துவதுபோல் நக்கிற்றாம். இன்னொருமுறை நோயுற்றுத் தேறியபோதன்றி வேறெப்பொழுதும் அது அங்ஙனம் செய்ததில்லை. கடவுளாற் புறக்கணிக்கப்பட்டோமென நம்பிய ஒருவர் கையை ஒரு சிற்றுயிர் இவ்வாறு போற்றியதை நினைக்குந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது.

அதுமுதல் நாள்தோறும் காலையுணவுக்குப்பின் புஸ்ஸைத் தோட்டத்திற்கு எடுத்துச்செல்வது அவர் வழக்கமாயிற்று. அது வெள்ளரிக்கொடியின் இலைகளுக்கடியில் ஒதுங்கி மாலைவரை உறங்கும். இவ்வின்பம் பழகியபின், நேரந் தாழ்த்தால் புஸ் வாளாவிராது. கௌப்பரின் முழங்கால்மேற் கால்களால் தட்டி அழைக்கும். அவர் முகத்தை நோக்கும். அதற்கும் அவர் எழாவிடில் அங்கியின் ஓரத்தைப் பல்லாற் கவ்வி வலிந்து இழுக்கும். மார்க்விஸ் என்னும் வேட்டைச் சாதி நாயொன்றோடும் அது நட்புக்கொண்டது. முயலைக் கண்டறியாத நாயும் நாயைக் கண்டறியாத முயலும் பகையின்றி, ஒரே கையிலிருந்து ஒரே வேளையில் ரொட்டி தின்றனவென்றால், பகையென்பது எவ்வளவு தூரம் பிறர் கற்பித்ததென ஐயுற இடமுண்டு.

1780-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்த செய்தியொன்றைக் கௌப்பர் நண்பர்க்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். இரவுணவு வேளையில் புஸ் சாளரப் பின்னலின் கயிற்றைக் கடித்தறுத்து வெளியேறிவிட்டது. ஓட்டத்தில் வல்லானொருவன் துரத்திச் சென்றான். ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் நாய்களுமாக ஊரே பின்தொடர்ந்தது. அவன் நாய்களை விலக்கியவாறே ஓடினான். முடிவிற் புஸ் தோல் பதனிடும் சாலையொன்றிற் புகுந்து, நீர் நிறைந்த குழிகளில் ஒன்றினின்று மற்றொன்றில் வீழ்ந்து, மூழ்குந் தறுவாயில் ஒருவன் காதைப் பற்றித் தூக்கிக் காத்தான். மேனியிற் படிந்த சுண்ணாம்பு போகக் கழுவி, சாக்கிலிட்டு இரவு பத்து மணிக்கு வீடு சேர்த்தனர். இதற்கு நான்கு ஷில்லிங் செலவாயிற்று. பெருஞ்செல்வரல்லாத கௌப்பர் அதனுள் ஒரு காசிற்கும் வருந்தினாரில்லை.

தாம் கண்டறிந்தவற்றையெல்லாம் தொகுத்து 1784-இல் ஜென்டில்மன்ஸ் மாகஸின் என்னும் பத்திரிகைக்கு அவர் எழுதினார். முயல்கள் விரும்பும் பூண்டுகள் யாவை, வெண்மணலை அவை எவ்வளவு ஆவலுடன் தின்றன, கம்பளத்தில் புதிதாகத் தைத்த ஒட்டையும் எங்ஙனம் மோந்து கண்டுபிடித்தன, மாவு படிந்த உடையோடு வந்த ஆலைக்காரனிடம் உடனே எங்ஙனம் அன்புகொண்டன என்பனவெல்லாம் அதிற் காணப்படும். ஆயிரம் முயல்களிருப்பினும் ஒவ்வொன்றின் முகமும் வேறே என்பதை அவர் வற்புறுத்தினார். வேட்டைப் பிரியர், தாம் துரத்திக் கொல்லும் உயிர் நன்றியும் நகைச்சுவையும் உடையதென அறியார் என்பதே அவர் மனக்குறை. 1785-இல் வெளிவந்த தி டாஸ்க் என்னும் அவருடைய பெருங்காவியத்திலும் வேட்டையின் கொடுமையையும், தம் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த முயலையும் பாடினார். எளிய உயிர்களின்பால் எழுந்த அவ்விரக்கம் மக்களையும் தழுவியது. 1788-இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்தும் செய்யுள் இயற்றினார். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1822-இலேயாம். அச்சட்டத்திற்கு முன்னரே மக்கள் மனத்தைப் பண்படுத்தியோருள் இவரும் ஒருவரென்பது நம் கருத்து.

டைனி தன் ஒன்பதாம் ஆண்டில் இறந்தது. ஒருநாளும் தமக்கு அடங்காத அதற்கும் கௌப்பர் இரங்கற்பா இயற்றினார். புஸ் 1786-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ஆம் நாள் நண்பகலில், யாதொரு வேதனையுமின்றி மூப்பினால் உயிர்நீத்தது. அதன் வயது பதினோராண்டு பதினோரு மாதம் எனக் கௌப்பர் குறித்துவைத்தார். காட்டில் முயல்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளே வாழ்வனவாதலின் இஃது அரிய ஆயுளேயாகும்.

இனி, முயல்கள் அவர் நோயைத் தீர்த்தனவோ எனில், இல்லையென்றே உண்மை கூறுதல் வேண்டும். மேரி அம்மையார் வாதத்தால் நலிந்து 1796-இல் இறந்தபின், கௌப்பரின் உள்ளம் மீளா இருளில் ஆழ்ந்தது. 1800-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் ஈஸ்ட் டிரம் என்னும் ஊரில் காலமானார். ஆயினும், புஸ் பிறந்த ஆண்டிற்கும் இறந்த ஆண்டிற்கும் இடையே கௌப்பர் செய்தன யாவையென நோக்குவோம். 1782-இல் முதற் கவிதைத் தொகுதி, அவ்வாண்டிலேயே ஜான் கில்பின், 1785-இல் தி டாஸ்க். அவர் புகழ் நிலைபெறக் காரணமாயின பலவும் அப்பன்னீராண்டுக்குள் எழுந்தனவே. நாள்தோறும் விடிந்ததும் எழுந்து, பாத்திரம் கழுவி, கீரை பறித்து, ஒரு முயலைத் தோட்டத்திற்குத் தூக்கிச் செல்லவேண்டிய கடமையுள்ளவன் முற்றிலும் நம்பிக்கையிழத்தல் அரிது. அவர் முயல்களைக் காத்தார். முயல்கள் அவரைக் காத்தன.

ஓல்னியில் அவர் வசித்த இல்லம் 1900-ஆம் ஆண்டுமுதல் பொருட்காட்சிச் சாலையாக விளங்குகின்றது. அங்குச் செல்லும் வாய்ப்பு நம்மிற் பலர்க்குக் கிட்டாது போகலாம். ஆனால் மெலிந்து வாடும் சிற்றுயிர் ஒன்று நம் வாயிலிலும் வந்து நிற்றல் கூடும். தலைகவிழ்ந்து பிறர் பாதரட்சையையே நோக்கி நிற்கும் மாணவன் ஒருவன் நம் விடுதியிலும் இருத்தல் கூடும். அவ்விருவரையும் கண்டறியும் கண்ணே கௌப்பர் வரலாற்றினின்று நாம் பெறத்தக்க செல்வமாகும்.