முயல் யாருக்கு உரியது?

நுழையும்முன்

தன் வயலில் மேயும் முயலை உழவர் விரட்டலாம், கொன்றால் தண்டம், தண்டம் கட்ட இயலாதவருக்குச் சிறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்களில் பெரும்பாலான குத்தகை உழவரின் நிலை இதுவே. கூலியாளின் நிலை இதனினும் கீழானது. அந்நாளில் பறவை ஓட்டும் சிறுவனாக வயலில் இறங்கி, உழவுத் தொழிலாளரை ஒன்றுதிரட்டி, நாடாளுமன்றம் வரை சென்றவர் ஜோசப் ஆர்ச். அவரது வாழ்வை இப்பாடம் விவரிக்கிறது.

சொந்தக் குடிசை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வாரிக்சயர் மாவட்டத்தில், ஏவன் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் பார்ஃபோர்டு. ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு அதற்கு அண்மையில் உள்ளது. பார்ஃபோர்டில் 1826ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் ஜோசப் ஆர்ச் பிறந்தார். தந்தை ஆடு மேய்ப்பவர். குறைந்த சொற்களும் நிறைந்த பொறுமையும் உடையவர். தாயோ மனவுறுதி மிக்கவர். துணி வெளுத்துப் பெற்ற ஊதியத்தால் குடும்பத்தைத் தாங்கியவரும், மாலை நேரங்களில் விவிலியத்தையும் ஷேக்ஸ்பியரையும் மகனுக்குப் படித்துக் காட்டியவரும் அவரே.

அக்குடும்பம் வாழ்ந்த குடிசை அவர்களுக்கே சொந்தமானது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அக்காலக் கூலித் தொழிலாளருள் பலர் பண்ணை உரிமையாளருக்குச் சொந்தமான வீடுகளில் குடியிருந்தனர். வேலை போனால் வீடும் போகும். எதிர்த்துப் பேசும் துணிவு நாவில் இருந்து பயனில்லை. தலைக்கு மேல் கூரையும் இருக்கவேண்டும். ஆர்ச்சுக்கு அக்கூரை இருந்தது. அவருடைய பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

1835ஆம் ஆண்டில் வெளிநாட்டுத் தானியத்தின்மீது வரி விதிக்கும் சட்டத்தை ஆதரித்துக் கையொப்பமிடுமாறு ஊரார் கேட்கப்பட்டனர். அச்சட்டத்தால் நிலவுடைமையாளர் பயன்பெற்றனர். ரொட்டியின் விலையோ ஏறியது. ஆர்ச்சின் தந்தை கையொப்பமிட மறுத்தார். அதன் பயனாகப் பதினெட்டு வாரங்கள் அவருக்கு எவரும் வேலை தரவில்லை. தாயின் வெளுப்புக் கூலியே அந்நாள்களில் உலையேற்றியது.

மற்றொரு நிகழ்ச்சியையும் ஆர்ச் இறுதிவரை மறக்கவில்லை. ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஊர்த் தேவாலயத்தின் கதவுத் துளை வழியே அவர் உள்ளே பார்த்தார். திருவிருந்து பெற முதலில் நிலக்கிழார் சென்றார். பின்னர்ப் பண்ணை உழவர்கள். அவர்களை அடுத்து வணிகரும் கைவினைஞரும். அனைவரும் திரும்பிய பிறகே கூலியாள்கள் தனியே எழுந்து சென்றனர். அவர்களுள் அவருடைய தந்தையும் ஒருவர்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே நீடித்த பள்ளிப் படிப்பு, ஒன்பதாம் வயதில் முடிந்தது. விதைத்த வயலில் பறவை ஓட்டும் வேலை கிடைத்தது. பன்னிரண்டு மணி நேரம் வயலில் நின்றால் நான்கு பென்னி கூலி. பன்னிரண்டு பென்னி சேர்ந்தது ஒரு ஷில்லிங் என்பதால், சிறுவனின் மூன்று நாள் உழைப்பு ஒரு ஷில்லிங்கிற்கு ஈடாயிற்று.

முயலும் சட்டமும்

தமிழில் முயல் என்னும் ஒரே சொல்லால் நாம் குறிக்கும் விலங்குகளை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரித்து வழங்குவர். ஒன்று வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். மற்றொன்று வளையின்றித் திறந்த வயலிலேயே சிறு பள்ளத்தில் பதுங்கி வாழும் வயல்முயல். இது நீண்ட காதும் நெடிய பின்னங்கால்களும் உடையது. ஓட்டத்தை மட்டுமே நம்பி உயிர்காத்துக் கொள்வது. வேட்டையை விளையாட்டாகக் கொண்ட செல்வர்கள் இதனைப் பெரிதும் விரும்பியதற்கு அந்த ஓட்டமே காரணம். இரண்டு வேட்டைநாய்களை ஒரு முயலின் பின் ஏவி, எந்த நாய் திறமையுடன் துரத்துகிறது என்று மதிப்பிடும் போட்டிகள் நாடெங்கும் நடைபெற்றன. அவற்றுள் தலையாயதான வாட்டர்லூ கோப்பைப் போட்டி 1836ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் மும்முறை வென்ற மாஸ்டர் மெக்ராத் என்னும் நாய், விக்டோரியா அரசியின் முன்னிலைக்கே அழைத்துச் செல்லப்பட்டது. அரசியைக் காணும் பேறு நாய்க்குக் கிட்டிய அதே காலத்தில், முயலைப் பிடித்த கூலியாளுக்குக் கிட்டியது நீதிபதியின் முன்னிலை.

வயல்முயல் வாழ்வதற்கு உழவு நிலமே ஏற்ற இடம். இளங்கோதுமைப் பயிரையும் டர்னிப் கிழங்கையும் அது விரும்பி உண்ணும். வேட்டைக்காக முயல்கள் பெருக்கப்பட்ட பண்ணைகளில் விளைச்சலின் ஒரு பகுதி அவற்றுக்கே இரையாயிற்று. 1831ஆம் ஆண்டுச் சட்டம், நிலவுடைமையாளருக்கு மட்டுமே இருந்த வேட்டையுரிமையை உரிமம் பெற்றோர்க்கெல்லாம் விரித்தது. ஆயினும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் வேட்டையுரிமையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டனர். குத்தகைப் பணம் கட்டியவர் உழவர். பயிரை உண்டது முயல். முயலுக்கு உரியவர் நிலக்கிழார்.

கூலித் தொழிலாளியின் நிலை இன்னும் கடுமையானது. இரவில் திருட்டு வேட்டையாடி மூன்றாம் முறை பிடிபட்டவரை ஏழாண்டுகள் நாடு கடத்தவும் 1828ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 1862ஆம் ஆண்டுச் சட்டமோ, வேட்டை நிலத்திலிருந்து வருவதாக ஐயுற்ற எவரையும் பொதுச் சாலையில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைக் காவலர்க்கு வழங்கியது. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் தொழிலாளி, தன் பையைக் காவலரிடம் திறந்து காட்டவேண்டியவன் ஆனான். வழக்கை விசாரித்த நீதிபதிகளுள் பலர் நிலக்கிழார்கள், வேட்டைப் பிரியர்கள்.

உயிர்வேலி வெட்டியவர்

ஆர்ச் இளமையில் பல வேலைகளைக் கற்றார். அவற்றுள் அவருக்குப் பெயர் தந்தது உயிர்வேலி வெட்டுதல். வயல்களைப் பிரிக்கும் முட்செடி வேலியைப் பாதி வெட்டி, சாய்த்து, பின்னி, மீண்டும் தழைக்கச் செய்யும் நுண்ணிய வேலை அது. அதற்கான போட்டியில் வென்று இங்கிலாந்தின் முதன்மை வேலி வெட்டுநர் என்னும் பட்டத்தையும் பெற்றார். நல்ல கூலியும் கிடைத்தது. வேலை தேடி நடுமாவட்டங்களிலும் வேல்சிலும் சுற்றியபோது, தம்மைவிட வறியவராக வாழ்ந்த தொழிலாளர்களை ஊர்தோறும் கண்டார். 1847ஆம் ஆண்டு மேரி ஆன் மில்ஸ் என்பவரை மணந்தார். மெதடிஸ்ட் திருச்சபைப் பிரிவு ஒன்றில் ஊதியம் பெறாத மறையுரையாளராகவும் விளங்கினார். கூட்டத்தின் முன் நின்று பேசும் பயிற்சி அவருக்கு அங்குக் கிடைத்தது.

மரத்தடிக் கூட்டம்

1872ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் காலை, அண்மையிலுள்ள வெல்ஸ்போர்ன் என்னும் ஊரிலிருந்து தொழிலாளர் மூவர் ஆர்ச்சைத் தேடி வந்தனர். கூலி உயர்வுக்காகச் சங்கம் அமைக்க வேண்டும் என்றும், அன்று மாலையே வந்து பேசவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டனர். ஆர்ச் இசைந்தார். முப்பது பேராவது வருவார்களா என்பதே அவருடைய ஐயம்.

மாலையில் அவர் கண்ட காட்சி வேறு. அறிவிப்புத் தாள் எதுவும் ஒட்டப்படவில்லை. வாய்வழியே பரவிய செய்தி மட்டுமே. எனினும், சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் சேற்றையும் இருளையும் பொருட்படுத்தாமல் தொழிலாளர் வந்து குவிந்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் என்பது ஆர்ச்சின் கணக்கு. அவரைக் கொடிக்கம்புகளில் விளக்குகளைக் கட்டித் தூக்கிப் பிடித்தனர். ஊர் நடுவே நின்ற பெரிய செஸ்ட்நட் மரத்தடியில், பன்றி அறுக்கப் பயன்படும் மணையொன்றின்மீது ஏறி நின்று ஆர்ச் பேசினார். அன்றிரவே சங்கம் உருவாயிற்று.

வாரம் பதினாறு ஷில்லிங் கூலி கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கியது. போர்க்களச் செய்தியாளராகப் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்டு ஃபோர்ப்ஸ் அவ்வூருக்கு வந்து எழுதிய கட்டுரைகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தன, நன்கொடைகள் வந்தன, பல இடங்களில் கூலி உயர்ந்தது. மே 29ஆம் நாள் லெமிங்டன் நகரில் தேசிய உழவுத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. ஆர்ச் அதன் தலைவர் ஆனார். 1874ஆம் ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை 86,214ஐ எட்டியது.

விசாரணைக் குழுவின் முன்

சங்கம் வளர்ந்துகொண்டிருந்தபோது, வேட்டைச் சட்டங்களை ஆராய நாடாளுமன்றக் குழு ஒன்று அமைந்தது. 1873ஆம் ஆண்டு அக்குழுவின் முன் ஆர்ச் சாட்சியம் அளித்தார். வேலி வெட்டிய கைகளையுடைய ஒருவர், வேட்டை நிலங்களை உடையோர் நிறைந்த அவையின் உறுப்பினர்களுக்கு விடைகூற நின்றார்.

முயலும் குழிமுயலும் தனியொருவரின் உடைமை என்பதைத் தொழிலாளர் ஏற்பதில்லை என்று அவர் விளக்கினார். பாடும் பறவைகள் எவ்வாறு எவருக்கும் உரியவையல்லவோ, அவ்வாறே இவையும் என்பது அவர்தம் எண்ணம். இன்று ஒரு பண்ணையிலும் நாளை மற்றொரு பண்ணையிலும் மேயும் காட்டுயிரை ஆட்டைப் போலவோ கோழியைப் போலவோ உடைமையாகக் கருதுவதற்கு அவர்களால் இயலவில்லை. பசித்த பிள்ளைகளை உடைய ஒருவனின் பாதையில் முயல் குறுக்கிட்டால், அவன் கை அதை நோக்கி நீள்வது இயல்பு. கோழி திருடுவதற்கு நாணுகின்ற அதே மனிதன் முயலுக்குக் கண்ணி வைக்க நாணுவதில்லை. அவனுக்குத் தேவை கடுமையான தண்டனை அன்று, போதிய கூலி.

இவ்வாறு, முயலைப் பற்றிக் கேட்கப்பட்ட வினாக்களைக் கூலி பற்றிய வினாவாக மாற்றியதே அவருடைய சாட்சியத்தின் சிறப்பு. சட்டத்தை மீறுமாறு அவர் எவரையும் தூண்டவில்லை. மீறுவோர் ஏன் மீறுகின்றனர் என்பதையே எடுத்துரைத்தார். குழுவின் விசாரணையால் உடனடிப் பயன் எதுவும் விளையவில்லை.

அடுத்த ஆண்டு சங்கத்திற்குச் சோதனைக் காலம். கிழக்கு மாவட்டங்களில் பண்ணை உழவர்கள் ஒன்றுசேர்ந்து, சங்க உறுப்பினர்களுக்கு வேலை மறுத்தனர். பல வாரங்கள் நீடித்த அப்போராட்டத்தில் சங்கத்தின் நிதி கரைந்தது. தொழிலாளர் பணிய நேர்ந்தது. பின்னர் உறுப்பினர் எண்ணிக்கை சுருங்கியது. மாற்றுக் கருத்தைப் பொறுக்காத ஆர்ச்சின் இயல்பும் சங்கத்துள் பிளவுகள் தோன்ற ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

1870களின் இறுதியில் தொடர்ந்து மழை மிகுந்த கோடைகள் பயிரை அழித்தன. அமெரிக்கத் தானியம் மலிவாக வந்திறங்கியது. நொடித்த குத்தகை உழவர்கள், எஞ்சிய விளைச்சலையும் முயலுக்கு விடுவதற்கு ஒருப்படவில்லை. கிளாட்ஸ்டன் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்த வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த சட்டம் 1880ஆம் ஆண்டு நிறைவேறியது. நிலத்தில் பயிரிடுபவருக்கு அந்நிலத்திலுள்ள முயலையும் குழிமுயலையும் கொல்லும் உரிமையை அது வழங்கியது. குத்தகை ஒப்பந்தத்தால் அவ்வுரிமையைப் பறிக்கவும் இயலாது என்று விதித்தது.

உழவர் மகிழ்ந்தனர். கூலித் தொழிலாளிக்கோ அச்சட்டத்தில் தனியுரிமை எதுவும் இல்லை. உழவர் எழுத்து வழியே இசைவு தந்தால், அவருக்காக அவன் முயலைக் கொல்லலாம், அவ்வளவே. முயல் நிலக்கிழாரின் கையிலிருந்து நழுவி, உழவரின் கைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. சாலையில் சோதனையிடும் சட்டமும் அப்படியே நீடித்தது.

1884ஆம் ஆண்டு ஊர்ப்புறத் தொழிலாளருக்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டு நடந்த தேர்தலில் வடமேற்கு நார்ஃபோக் தொகுதியிலிருந்து ஆர்ச் தேர்ந்தெடுக்கப்பட்டார். உழவுக் கூலியாளாக இருந்த ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனது அதுவே முதன்முறை. 1886இல் தோற்று, 1892இல் மீண்டும் வென்று, 1900 வரை பணியாற்றினார். அவருடைய தொகுதியில்தான் இளவரசர் எட்வர்டின் சாண்டிரிங்கம் பண்ணை இருந்தது. வேட்டைக்குப் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக, அப்பண்ணையின் கடிகாரங்கள் அனைத்தும் அரைமணி நேரம் முன்னதாக ஓடுமாறு வைக்கப்பட்டிருந்தன. பறவை ஓட்டிய சிறுவன், அத்தகைய பண்ணைக்கும் சேர்த்தே மக்களவையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். முதியோர் வறுமையை ஆராய்ந்த அரச ஆணையத்தில் இருவரும் உடன் உறுப்பினராகவும் இருந்தனர். அவையில் ஆர்ச் ஆற்றிய உரைகள் மரத்தடி உரைகளைப் போல் எவரையும் எழுப்பவில்லை என்றே சொல்லவேண்டும்.

இதற்கிடையே வயல்களில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. கொல்லும் உரிமை பெற்ற உழவர்கள் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தியதால், பல இடங்களில் வயல்முயல் அரிதாயிற்று. 1892ஆம் ஆண்டு, மார்ச் முதல் ஜூலை வரை முயலை விற்பதைத் தடைசெய்து புதிய சட்டம் இயற்ற நேர்ந்தது. பயிருக்குப் பகையாகக் கருதப்பட்ட உயிருக்குப் பன்னிரண்டே ஆண்டுகளில் பாதுகாப்பு தேவைப்பட்டது.

ஆர்ச் தம் வாழ்க்கை வரலாற்றை 1898ஆம் ஆண்டு வெளியிட்டார். அரசியலிலிருந்து விலகிய பின் பார்ஃபோர்டுக்கே திரும்பினார். தாத்தா விலைக்கு வாங்கியதும், எந்த நிலக்கிழாராலும் அவர்களை வெளியேற்ற இயலாததுமான அதே குடிசையில், 1919ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் காலமானார்.