நந்தன் பெயரில் ஒரு பள்ளி

திட்டக்குடியிலிருந்து சிதம்பரம் போகும் நம் பிள்ளைகள் கோயிலையும் பல்கலைக்கழகத்தையும் பார்த்துத் திரும்புகிறார்கள். ஓமக்குளம் நந்தனார் பள்ளியைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு. நமக்கு அதுதான் வருத்தம்.

அதைத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்துச் சேரியில் பிறந்த முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தவர், மதம் மாறச் சம்மதிக்காமல் வெளியேறினார். சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளின் சீடராகிக் காவி உடுத்தினார்.

1910இல் சிதம்பரம் வந்தார். துறவி என்றால் ஒதுங்கிக் கிடப்பார் என்போம். இவர் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் கண்டு பள்ளி திறந்தார். தீயில் இறங்கிய பிறகே நந்தன் கோயிலுக்குள் போனான் என்று கதை சொல்லும் ஊரில், அதே நந்தன் பெயரில், தீயில் இறங்காமலே நம் பிள்ளைகள் நுழைய ஒரு வாசல்! பெயர் தற்செயலாக அமைந்ததாக நாம் நினைக்கவில்லை.

கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை வெறும் வயிற்றோடு எப்படிப் படிக்கும்? தங்கிப் படிக்க விடுதியும் வைத்தார். பள்ளி உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. 1926இல் சட்ட மேலவைக்குப் போனார். 1959 மே 1 அன்று மறைந்தபோது சிதம்பரம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர்.

ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என நந்தனார் பெயரில் இரண்டு அரசு மேல்நிலைப்பள்ளிகள் இன்றும் அங்கே நடக்கின்றன.