ஒரு கண்ணை இழந்தவர் உலகிற்குத் தந்த நீலச் சுடர்: ராபர்ட் புன்சனின் வாழ்க்கை

வேதியியல் ஆய்வகத்தில் கால் வைத்த எவருக்கும் புன்சன் என்ற பெயர் தெரிந்திருக்கும். மேசைமீது ரப்பர் குழாயுடன் நிற்கும் சிறிய எரிவாயு அடுப்பின் பெயராகவே பெரும்பாலோர் அதனை அறிவர். அப்பெயருக்குரிய மனிதர், ஆய்வகத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர்.

ராபர்ட் வில்ஹெல்ம் புன்சன் 1811-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயின்று 20 வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார். 1834-இல், ஆர்சனிக் நஞ்சுக்கு நீரேறிய இரும்பு ஆக்சைடு முறிமருந்தாகும் என்பதை மருத்துவர் ஒருவருடன் இணைந்து கண்டறிந்தார். பின்னர் காசல், மார்பர்க் நகரங்களில் பணியாற்றியபோது, ஆர்சனிக் கலந்த 'ககோடைல்' சேர்மங்களை ஆராயத் தொடங்கினார். கடும் நாற்றமும் நச்சும் கொண்ட அப்பொருள்கள் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடியவை. ஒருநாள் சோதனைக் கலம் வெடித்துச் சிதறியதில் கண்ணாடித் துண்டு பாய்ந்து வலக்கண் பறிபோனது. ஆர்சனிக் நஞ்சு ஏறி உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. முன்னர் அவரே கண்டறிந்த முறிமருந்துதான் அப்போது கைகொடுத்தது என்று கூறப்படுவதுண்டு. அதன்பின் அவர் கரிம வேதியியலை விட்டு விலகினார். ஆய்வகத்தை விட்டு விலகவில்லை.

இரும்பு உருக்கும் ஊதுலைகளில் எரிபொருளின் வெப்பம் பெருமளவு வீணாவதை அளந்து காட்டினார். மலிவான கரி மின்முனை கொண்ட மின்கலத்தை உருவாக்கினார். 1846-இல் ஐஸ்லாந்து சென்று வெந்நீர் ஊற்றுகளின் இயல்பை ஆராய்ந்தார்.

1852-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவருக்கென அங்கு புதிய ஆய்வகம் எழும்பியது. நகரில் எரிவாயு விளக்குகளும் அறிமுகமாகியிருந்தன. அந்த வாயுவை வெப்பத்திற்கும் பயன்படுத்த விரும்பினார் புன்சன். ஆனால் அன்றைய அடுப்புகளில் பெரும்பாலும் கரித்துகளுடன் மஞ்சள் சுடரே எழுந்தது. வாயு எரிந்த பிறகன்றி, எரிவதற்கு முன்பே அதனுடன் காற்றைக் கலந்துவிட்டால் என்ன என்பதே அவரது எண்ணம். 1854-இன் இறுதியில் அதனைப் பல்கலைக்கழகக் கருவிக் கைவினைஞர் பீட்டர் டெசாகாவிடம் கூறினார். அடுத்த ஆண்டில் புதிய ஆய்வகத்திற்கான அடுப்புகளை டெசாகா செய்து முடித்தார். மைக்கேல் ஃபாரடே உள்ளிட்டோர் முன்பே இத்தகைய முயற்சிகளில் ஈடுபட்டிருந்தனர் என்பதால், இதனை முழுக்கப் புன்சனின் கண்டுபிடிப்பு என்பது பொருந்தாது. நிலையாக எரியும் நல்ல வடிவம் தந்த பெருமை இருவருக்கும் உரியது. அவ்விருவரும் காப்புரிமை கோரவில்லை. 1857-இல் அதன் அமைப்பைப் புன்சன் வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்.

அடுப்பின் இயக்கம் எளிது. அடிப்பகுதியிலுள்ள சிறு துளை வழியே விரைந்து வரும் வாயு, பக்கத் துளைகளின் வழியே காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. காற்றுத் துளை மூடியிருந்தால் மஞ்சள் சுடர். திறந்தால் சூடு மிகுந்த நீலச் சுடர். துளையை மூடிவைத்துப் பற்றவைப்பதே ஆய்வக முறை. வாயு குறைந்து காற்று மிகுந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கி, உள்ளேயே எரியத் தொடங்கிவிடும். நீலச் சுடர் வெளிச்சத்தில் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே பயன்படுத்தாத இடைவேளையில் மஞ்சள் சுடராகவே விட்டுவைப்பர்.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்த இயல்பே அதன் பெருஞ்சிறப்பாகவும் அமைந்தது. சுடருக்குச் சொந்த நிறம் இல்லாததால், பிளாட்டினக் கம்பியில் எடுத்துக் காட்டும் உப்பின் நிறம் தூய்மையாகத் தெரிந்தது. ஆயினும் சோடியத்தின் அடர்ந்த மஞ்சள் பிற நிறங்களை மறைத்தது. நிறக் கண்ணாடிகள் வழியே பார்த்து அதனை விலக்கிவந்த புன்சனிடம், சுடரொளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்க்கலாம் என்றார் நண்பரான இயற்பியலாளர் குஸ்தாவ் கிர்காஃப். 1859-இல் இருவரும் நிறமாலைகாட்டியை அமைத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது.

டர்க்ஹைம் ஊற்றின் கனிம நீரை ஆராய்ந்தபோது, அதுவரை எவரும் அறியாத நீலக் கோடுகள் தென்பட்டன. 40 டன்னுக்கும் அதிகமான நீரைச் சுண்டவைத்துப் பிரித்தபின் கிடைத்தது சில கிராம் உப்பே. அவ்வாறு 1860-இல் சீசியமும், மறு ஆண்டில் செந்நிறக் கோடுகளால் ருபீடியமும் உலகிற்கு அறிமுகமாயின. இந்த ஆய்வுமுறை விரைவில் இந்தியாவையும் எட்டியது. 1868 ஆகஸ்ட் 18-இல் நிகழ்ந்த முழு சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆராய்ந்தது நிறமாலைகாட்டியைக் கொண்டே. சூரிய ஒளியில் அவ்வாண்டு கண்ட மஞ்சள் கோட்டிலிருந்தே ஹீலியம் என்ற தனிமம் அறியப்பட்டது.

திருமணம் செய்துகொள்ளாத புன்சன், மாணவர்களையும் ஆய்வகத்தையுமே குடும்பமாகக் கொண்டார். ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1860-இல் அவரைத் தேடிவந்தது. 1889-இல் 78 வயதில் ஓய்வுபெற்று, இளமை முதலே விரும்பிய நிலவியலில் மனம் செலுத்தினார். 1899 ஆகஸ்ட் 16-இல் ஹைடல்பர்க்கில் காலமான அவர், அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.