சீட் பெல்ட் தந்த டிப்ளமோக்காரர்

ஆண்டு மலர் என்றாலே விஸ்வேஸ்வரய்யா, எடிசன், நம்ம ஜி.டி. நாயுடு என்று எழுதுவது வழக்கம். அவர்கள் எல்லாம் மேதைகள், வணங்குகிறேன். ஆனால் நான் இந்த வருஷம் எழுத எடுத்துக்கொண்டவர் நம்மைப் போல ஒரு டிப்ளமோக்காரர். பெயர் நில்ஸ் போலின். வாகனத் துறையில் உலகம் அறிந்த பெயர். நம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற வாடகைக் காரின் கதவைத் திறந்து பாருங்கள். அவர் செய்த பொருள் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும். அதுதான் தோளிலிருந்து இடுப்புக்கு வருகிற சீட் பெல்ட்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போலின் 1920 ஜூலை 17-ஆம் தேதி ஸ்வீடன் நாட்டில் ஹார்னோசாண்ட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அந்த ஊரிலேயே படித்து 1939-ல் இயந்திரவியலில் டிப்ளமோ வாங்கினார். பட்டம் கையில் வந்தபோது அவருக்கும் கிட்டத்தட்ட நம்ம வயசுதான்! 1942-ல் சாப் என்ற விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். போர் விமானம் விழப்போகிறது என்றால் விமானியை இருக்கையோடு மேலே தூக்கி வீசிக் காப்பாற்றுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. அந்த இருக்கைகளை உருவாக்குவதுதான் அவர் பார்த்த வேலை. மனித உடம்பில் எந்த இடம் இழுப்பைத் தாங்கும், எந்த இடம் தாங்காது என்ற படிப்பினை அவருக்கு அங்கே கிடைத்தது.

1958-ல் வோல்வோ கார் கம்பெனி அவரைப் பாதுகாப்புப் பொறியாளராகச் சேர்த்துக்கொண்டது. அப்போதும் கார்களில் பெல்ட் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலும் இடுப்புக்குக் குறுக்கே ஒரே ஒரு பட்டை. பக்கிள் வயிற்றின் மேல் இருக்கும். கார் மோதினால் மேல் உடம்பு மடங்கிப் போய் முன்னால் இடிக்கும். பக்கிள் வயிற்றை நசுக்கும். காப்பாற்ற வந்த பொருளே குடலைக் கிழித்த கதையும் உண்டு.

மோதல் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அதை வர்க்கப்படுத்தி, புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் 14 மீட்டர் வருகிறது. அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும், 14 மீட்டர் உயரத் தென்னை மரத்தின் உச்சியிலிருந்து விழுவதும் ஒன்றுதான். தென்னை மரத்திலிருந்து விழுகிறவனைத் தாங்க வேண்டும் என்றால் எங்கே பிடித்துத் தாங்குவது? வயிற்றையா, கழுத்தையா?

போலின் கண்டுபிடித்த விடை இதுதான். எலும்பில் பிடி! இடுப்பு எலும்பு, நெஞ்சு எலும்பு, தோள் எலும்பு இவை மூன்றும் பலமானவை. ஒரே பட்டையை இடுப்புக்குக் குறுக்கேயும் நெஞ்சுக்குக் குறுக்கேயும் கொண்டுபோய், இருக்கைக்குப் பக்கத்தில் கீழே ஒரே இடத்தில் மாட்டினார். பக்கிள் வயிற்றை விட்டு இடுப்போரம் போனது. இன்னொரு விஷயமும் அவருக்குப் புரிந்திருந்தது. விமானி உயிருக்குப் பயந்து எத்தனை பட்டை கொடுத்தாலும் கட்டிக்கொள்வார். காரில் போகிறவர்களோ கொஞ்ச நேர இடைஞ்சலைக்கூடப் பொறுக்கமாட்டார்கள். ஆகவே ஒரே கையால் இழுத்து மாட்டும்படி செய்தார். பார்ப்பதற்கு எத்தனை எளிமை!

1959 ஆகஸ்ட் 13-ஆம் தேதி இந்த பெல்ட் வைத்த முதல் கார் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. 1962-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நண்பர்களே, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். உலகத்தில் ஓடுகிற ஒவ்வொரு காருக்கும் காசு வாங்கியிருக்கலாம். ஆனால் வோல்வோ அந்தக் காப்புரிமையை எல்லாக் கம்பெனிகளுக்கும் திறந்து விட்டது.

இருந்தாலும் ஜனங்கள் உடனே நம்பிவிடவில்லை. 1967-ல் 28,000 விபத்துகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. பெல்ட் போடாதவர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் போன்ற குறைந்த வேகத்தில்கூட இறந்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் 96 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஒருவரும் இறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு அரசாங்கமாகச் சட்டம் போட்டது. 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1994 முதல் புதுக் கார்களின் முன் இருக்கைகளுக்கு பெல்ட் வைத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது.

போலின் 1985-ல் பணி ஓய்வு பெற்றார். 2002 செப்டம்பரில் தம் 82-ஆம் வயதில் காலமானார். அதே வருஷம்தான் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் புகழரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

கதை இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. போலின் பெல்ட் எலும்பைப் பிடிக்கும். ஆனால் எலும்பு எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? மோதல் சோதனையில் நெடுங்காலமாக உட்கார வைக்கப்பட்ட பொம்மை சுமார் 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடையுள்ள ஆண். நம்ம அம்மா, அக்கா, தாத்தா யாரும் அந்த அளவில் இல்லையே! குள்ளமானவருக்கு பெல்ட் கழுத்தில் ஏறும். கர்ப்பிணிக்கு இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே போக வேண்டும். குழந்தைக்குத் தனி இருக்கையே வேண்டும். ஏர்பேக் கதையும் இப்படித்தான். 1990-களில் அமெரிக்காவில் ஏர்பேக் வெடித்து விரிந்த வேகத்திலேயே குழந்தைகளும், ஸ்டியரிங்கை ஒட்டி உட்கார்ந்த குள்ளமான பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இருக்கையில் எடையை உணரும் கருவி வைத்து, ஆளைப் பார்த்து ஏர்பேக் விரிகிற மாதிரி விதிகள் அங்கே வந்தன. 2025-ல் அதே வோல்வோ கம்பெனி, உட்கார்ந்திருப்பவரின் உயரம், எடை, உட்கார்ந்த நிலை எல்லாம் பார்த்துப் பிடிப்பைக் கூட்டிக் குறைக்கிற பெல்ட்டை அறிவித்தது. போலின் விட்ட இடத்திலிருந்து வேலை நடக்கிறது.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன்.

எங்க வீட்டில் பத்தாவதுக்கு மேல் படித்த முதல் ஆள் நான்தான். எங்க அப்பா வாடகைக் கார் ஓட்டினார். அஞ்சடி உயரம்தான் இருப்பார். பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்று அதை வலது அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வார். போலீஸ் கண்ணுக்கு பெல்ட் போட்ட மாதிரி இருக்கும், கழுத்தும் வலிக்காது. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு ராத்திரி சேலத்தில் சவாரியை இறக்கிவிட்டு மஞ்சவாடி கணவாய் வழியாகத் திரும்பி வந்தார். குறுக்கே வந்த மாட்டுக்காக ஒடித்ததில் கார் புளிய மரத்தில் மோதியது. ஏர்பேக் விரிந்தது. முகத்தில் கீறல்கூட இல்லை. ஆனால் அக்குளுக்குக் கீழே இருந்த பெல்ட் வலது பக்கம் மூன்று விலா எலும்பை முறித்து, கல்லீரலிலும் அடி. நாற்பது நாள் ஆஸ்பத்திரி. அம்மா தோட்டை விற்றார்கள். பெல்ட்டே ஆகாது, அதுதான் என்னை முறித்தது என்று அப்பா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

போன வருஷம் பாடத்துக்காக ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அதே மாடல் கார் ஒன்று நின்றது. மெக்கானிக் அண்ணன் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில், பெல்ட் தொங்குகிற இடத்தில் ஒரு குமிழை அமுக்கிக் கீழே இழுத்தார். நாலு விரற்கடை இறங்கியது. குள்ளமானவர்களுக்காக வைத்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா ஓட்டிய காரிலும் அது இருந்தது! ஆறு வருஷம் அவர் தலைக்குப் பக்கத்திலேயே இருந்தது! ஒருத்தரும் சொல்லவில்லை. அவருக்கு இங்கிலீஷ் புத்தகம் படிக்கத் தெரியாது.

அந்த வார லீவில் அப்பாவைப் பக்கத்து வீட்டுக் காரில் உட்கார வைத்து, குமிழை இறக்கி, பெல்ட்டை மாட்டிவிட்டேன். கழுத்தைத் தொடாமல் தோள் நடுவில் சரியாக உட்கார்ந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இப்போது அவர் கார் ஓட்டுவதில்லை, வாணியாறு பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல் இருக்கிறார்.

நான் பஸ் ஸ்டாண்டு டிரைவர் அண்ணன்களிடம் கேட்டுப் பார்த்தேன். சில கார்களில் அந்தக் குமிழ் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருக்கிற காரிலும் பல பேருக்கு அது எதற்கென்று தெரியவில்லை. ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில், தெருவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெல்ட் தோள் நடுவில் வரட்டும். இடுப்புப் பட்டை தொடைக்கு மேலே, வயிற்றுக்குக் கீழே இருக்கட்டும். அக்குளுக்குக் கீழே மட்டும் விட வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். குமிழ் இல்லாத காரில் இருக்கையை உயர்த்த முடியுமா என்று பாருங்கள்.

ஒரு டிப்ளமோக்காரர் பெல்ட்டைக் கண்டுபிடித்தார். அதை அவரவர் உடம்புக்குச் சரியாக மாட்டிக் காட்டுகிற வேலையையாவது, டிப்ளமோக்காரர்களாகிய நாம் செய்யக்கூடாதா?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு