வானிலையைக் கணக்கிற் கண்ட றிச்சாட்சன்

இயற்கையின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணனியில் நடத்திப் பார்க்கும் முறை இன்று விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் இன்றியமையாதது. கணனி தோன்றுமுன்னரே அவ்வழிக்குக் கால்கோளிட்டவர் லூயிஸ் பிறை றிச்சாட்சன்.

1881ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் நகரிற் குவேக்கர் குடும்பமொன்றிற் பிறந்த இவர், கேம்பிரிட்சிற் பயின்று, 1913இற் பிரித்தானிய வானிலை அலுவலகத்திற் சேர்ந்தார். கொல்லாமையைச் சமயநெறியாகக் கொண்ட இவர், 1916இல் அப்பதவியைத் துறந்து, பிரான்சுப் போர்க்களத்திற் காயமுற்றோரை ஏற்றிச்செல்லும் வண்டியோட்டியாகத் தொண்டாற்றினார். போருக்கிடையே, 1910 மே 20ஆம் நாளின் வானிலையைக் கையாலேயே கணித்தார். ஆறு மணி நேரத்தில் வளியமுக்கம் 145 மில்லிபார் உயருமென விடை வந்தது. உண்மையில் அது பெரிதும் மாறவில்லை.

1920இல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சின் கீழ்ச் சென்றதும் இவர் மீண்டும் பதவி துறந்தார். 1922இல் வெளியிட்ட நூலிலே தம் பிழைத்த கணக்கை மறையாது முழுவதும் பதித்தார். உலக வானிலையோடு ஒத்தோடிக் கணிக்க 64,000 பேர் வேண்டுமெனவும் மதிப்பிட்டார்.

1950இல் அமெரிக்காவின் எனியாக் கணனி அத்தொழிலை மேற்கொண்டது. ஒரு நாள் வானிலையைக் கணிக்க அதற்கும் ஏறக்குறைய ஒரு நாள் சென்றது. அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்த றிச்சாட்சன் 1953இல் மறைந்தார். குறை முறையிலன்று, தொடக்கத் தரவுகளின் சமனின்மையிலேயே இருந்ததெனப் பின்வந்தோர் நிறுவினர். அவர் ஒளியாது வைத்த கணக்கே அதற்குத் துணையாயிற்று. ஆய்வுத்துறை புகும் மாணவர் இந்நேர்மையை நெஞ்சிற் கொள்வாராக.