கறுப்புப் பட்டிக்கு எத்தனை வருடம்?

மாத்தளையில் பிள்ளைகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, கறுப்புப் பட்டி கிடைக்க எத்தனை வருடம் என்பதைத்தான். நானும் அப்படிக் கேட்ட தகப்பன்தான். ஷொட்டோக்கான் கராத்தேயின் தந்தை கிச்சின் ஃபுனகோஷியின் வாழ்க்கையைப் படித்த பின் வெட்கமாகப் போய்விட்டது.

1868இல் ஒக்கினாவாத் தீவில் பிறந்தவர், சிறுவயதில் நோஞ்சான். பின்னர் பகலில் பாடசாலை ஆசிரியர். இரவில் விளக்கேந்திக்கொண்டு ஆசான் அசாத்தோவின் வீட்டுக்கு நடப்பார். அக்காலத்தில் இந்தக் கலையை மறைவாகவே கற்பித்தார்கள். ஆசான் திருப்திப்படும் வரை 'கட்டா' எனும் அசைவுத் தொடர் ஒன்றையே மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

1922இல், 53 வயதில், கலையைச் செய்து காட்ட தோக்கியோ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். கையில் காசில்லை. ஒக்கினாவா மாணவர் விடுதியொன்றில் காவலாளியாகி, அறைகளைக் கூட்டி, தோட்டத்தைத் துப்புரவாக்கி, அங்கேயே கற்பித்தார். முப்பது வருடம் ஆசிரியராக மதிப்போடு இருந்த மனிதர்! நாம் அவசரப்படும் அந்தக் கறுப்புப் பட்டியையும் ஜூடோவிலிருந்து எடுத்து, 1924இல் தன் மாணவருக்கு முதலில் வழங்கியவர் இவரே.

1945இல் குண்டுவீச்சில் அவரது பயிற்சிக்கூடம் எரிந்தது. அதே வருடம் மகன் கிகோ இறந்தார். 1947இல் மனைவியும் போனார். எண்பதை நெருங்கிய கிழவர் மீண்டும் தோக்கியோ திரும்பிக் கற்பித்தார். 1957இல், 88 வயதில் இறந்தார். கடைசிக் காலத்திலும் கட்டாப் பயிற்சியை அவர் விடவில்லை.